ஓடேக்க மூச்சு முட்டுது, செக் பண்ணினா ஒண்டுமில்லையாம்: அது எப்பிடி?

காலம்பற அஞ்சே முக்காலுக்கு திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலால உள்ள போனா மான்கள் ரோட்டு ஓரத்திலயே படுத்திருக்கும், ஆக்களக் கண்டு எழும்பவும் மாட்டுதுகள், அதுகளத் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறுற ஏத்தம்தான் எங்கட ட்ராக். ஆறு தரம் ஏறி ஓடுறது, நடந்து இறங்கிறது. எனக்கு 38 வயசு, சிகரெட் இல்ல, சுகர் பிரஷர் இல்ல, கிழமைக்கு மூண்டு நாள் ஓட்டம், ஞாயிறு பின்னேரம் புட்போல். போன வருசம் கச்சான் காத்து தொடங்கின மாசம், அஞ்சாவது ஏத்தத்தில மேல போய்ச் சேர முன்னம் மூச்சு முட்டிப் போச்சு. நெஞ்சு அடிபடுது, காத்துக் காணாது, கை தன்பாட்டில தொண்டைக்குப் போகுது, கூட ஓடின மச்சான் சிரிச்சுக்கொண்டு போனில வீடியோ எடுக்கிறான், பூத்தட்டோட கோயிலுக்குப் போன அம்மா ஒராள் "தம்பி கொஞ்சம் இருங்கோ, தண்ணி குடியுங்கோ" எண்டு நிண்டவ. ரெண்டு மூண்டு நிமிசம்தான். பிறகு ஒண்டுமே நடக்காத மாதிரி இறங்கி வந்தன்.

ஊரில மருந்து சொல்ல ஆள் குறைவில்ல. வயசு போகுது எண்டான் ஒருத்தன், வெறும் வயித்தில ஓடாத எண்டான் இன்னொருத்தன், அம்மா சின்ன வயசில எனக்கு முட்டு இருந்தது எண்டு புதுசா ஒரு கதை சொன்னா. கடைசியா ஒரு பிரைவேட் கிளினிக்கில நெஞ்சில குழாய் வச்சுப் பாத்து "லங்ஸ் கிளியர்" எண்டு சொல்லிப்போட்டு, அப்பிடிச் சொன்ன அதே வாயால ஆஸ்மா எண்டு நீல பம்ப் எழுதித் தந்தவை. ஊதிக் காட்டச் சொல்லேல்ல, ஓட விட்டுப் பாக்கேல்ல. நாலு மாசம் அடிச்சன், ஒரு வித்தியாசமும் இல்ல. அந்த எரிச்சலிலதான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினது, பிறகு விசயம் தெரிஞ்ச டொக்டர்மாரோட கதைச்சது. நான் டொக்டர் இல்ல, அத நினைவில வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

முதல் சிக்கல் எங்கட பாசையிலயே இருக்கு. திருகோணமலையில "களைக்குது" எண்டா மூச்சு வாங்கிறதும் அதுதான், உடம்பு சோந்து போறதும் அதுதான். கிளினிக்கில போய் "ஓடினா களைக்குது டொக்டர்" எண்டு சொன்னா அவர் என்னத்த விளங்கிறது? கால் ஏலாமப் போகுதா, காத்துக் காணாமப் போகுதா, நெஞ்சு இறுக்குதா, தொண்டை அடைக்குதா, எல்லாம் ஒரே சொல்லுக்குள்ள கிடக்கு. ஓடினா ஆருக்குத்தான் களைக்காது எண்டு அவர் நினைச்சா அதிலயும் பிழையில்ல.

சும்மா கதிரையில இருக்கேக்க ஒரு ஆள் நிமிசத்துக்கு 12, 16 தரம் மூச்செடுப்பார், உள்ள போற காத்து நிமிசத்துக்கு 6, 8 லீற்றர். முழு வேகத்தில ஓடேக்க அது 100 லீற்றரத் தாண்டும், பெரிய போட்டிகளில துடுப்பு வலிக்கிற ஆக்களுக்கு 200 லீற்றரையும் தாண்டிப் போகும். அவ்வளவு காத்தையும் அடிச்சு அடிச்சு எடுக்கிற மூச்சுத் தசைகளே உச்சத்தில உடம்பு எடுக்கிற ஒக்சிசனில 10 இலிருந்து 15 வீதத்தத் தின்னுது, அந்தப் பங்கு காலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில இருந்துதான் போகுது. அதால கடும் ஓட்டத்தில மூச்சு வாங்கிறது வருத்தமில்ல.

மூச்சு முட்டுற உணர்வு ஒக்சிசன் குறையிறதால வருது எண்டுதான் கனபேர் நினைக்கிறது. பெரும்பாலும் அப்பிடி இல்ல, கரியமிலவாயு கூடுறதுதான் மூளைய "இழு இழு" எண்டு விரட்டுறது. சங்கு குளிக்கிற ஆக்களக் கேளுங்கோ. இறங்க முன்னம் நாலைஞ்சு தரம் வேகமா மூச்ச இழுத்து விட்டுட்டுப் போனா கனநேரம் தாக்குப்பிடிக்கலாம் போலத்தான் இருக்கும், ஏனெண்டா கரியமிலவாயுவக் கழுவித் துடைச்சாச்சு, முட்டுற உணர்வே வராது, ஆனா ஒக்சிசன் உள்ளுக்க இறங்கிக்கொண்டே போய் ஒரு எச்சரிக்கையும் இல்லாம தண்ணிக்குள்ள மயங்கிடுவினம். அப்பிடித்தான் கனபேர் செத்திருக்கினம். கடும் ஓட்டத்திலயும் இதே கணக்கு: தசையில அமிலம் கூட, அதச் சமப்படுத்தேக்க கரியமிலவாயு இன்னும் கூட, மூச்சு சட்டெண்டு ஏறும். இதுக்கு மேல இன்னொண்டு இருக்கு, மூளை கேக்கிற அளவு காத்தும் நெஞ்சு உண்மையில விரிஞ்சு எடுக்கிற காத்தும் பொருந்தாட்டி அந்த இடைவெளியத்தான் நாங்கள் "காத்துக் காணாது" எண்டு உணருறம்.

சரி, பிட்டான ஆளுக்கு ஏன் வரவேணும்? பயிற்சி செய்யச் செய்ய இதயம் பெருசாகும், ரத்தத்தின்ட அளவு கூடும், தசைக்குள்ள நுண்குழாய்கள் பெருகும், ஆனா நுரையீரல் கிட்டத்தட்ட அப்பிடியே கிடக்கும், வளந்த ஆளுக்கு ஓடி ஓடி லங்ஸ் பெருக்காது. அமெரிக்காவில விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில ஜெரோம் டெம்சியும் கூட்டாளிகளும் 1984 இல நல்லாப் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர ட்ரெட்மில்லில உச்சத்துக்கு ஓட விட்டுப் பாத்தவை, சில பேருக்கு ரத்தத்தில ஒக்சிசனே இறங்கிப் போச்சு, வருத்தம் ஒண்டும் இல்லாத ஆக்களுக்கு. இருக்கேக்க ஒரு சிவப்பணு நுரையீரல் நுண்குழாயில முக்கால் செக்கன் நிக்கும், உச்ச ஓட்டத்தில கால் செக்கன் அளவுக்குக் குறையலாம், பலமான இதயம் அவ்வளவு வேகமாத் தள்ளுது, ஒக்சிசன் ஏத்த நேரம் காணாது.

இன்னொண்டு, இதுதான் எனக்கு முக்கியமாப் படுறது. பிட்டான ஆள் விழுந்தாலும் விழுந்தது வெளிய தெரியாது. முழு வேகத்தில உடம்பு எடுக்கக்கூடிய உச்ச ஒக்சிசன் அளவு (உடம்பு நிறையில கிலோவுக்கு, நிமிசத்துக்கு இத்தின மில்லிலீற்றர் எண்டு அளக்கிறது) 55 இருந்த ஒருத்தனுக்கு 42 ஆக இறங்கினா கிட்டத்தட்ட கால்வாசி போச்சு, ஆனா ரிப்போட்டில "வயசுக்கு நோர்மல்" எண்டுதான் வரும், ஏனெண்டா ஒப்பிடுறது சாதாரண ஆக்களோட, அவனோட இல்ல. அதோட இந்த வருத்தங்களில கனக்க சும்மா இருக்கேக்க தெரியவே மாட்டுது. திருக்கடலூர் கரையில ஃபைபர் போட் எஞ்சினக் கரையில வச்சு ஸ்டார்ட் பண்ணினா சத்தம் பூ மாதிரி இருக்கும், வலையும் ஐசும் ஆளும் ஏத்திக்கொண்டு வெளிய போய் முழு வேகம் குடுத்தாத்தான் இருமும். கதிரையில இருத்தி இசிஜி எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஒண்டுமில்ல எண்டு அனுப்புறது கரையில எஞ்சின் பாத்த கதைதான்.

அதால மெசினுக்கு முன்னம் கேக்க வேண்டியது நேரம். ஓட்டத்தில எந்தக் கட்டத்தில வருது, எங்க இறுக்குது, நிப்பாட்டினா எவ்வளவு நேரத்தில போகுது. இந்த மூண்டுக்கும் ஒழுங்கா மறுமொழி இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. எனக்கு பம்ப் எழுதின இடத்தில இதில ஒண்டும் கேக்கேல்ல.

ஓடேக்க சமாளிச்சிட்டு நிப்பாட்டின பிறகு கூடினா அது பெரும்பாலும் மூச்சுக்குழாய் சுருங்கிறது. ஓட்டம் முடிஞ்சு 5 இலிருந்து 15 நிமிசத்துக்குள்ள உச்சத்துக்கு வரும், இருமல், நெஞ்சுக்குள்ள விசில், மூச்ச வெளிய விடக் கஸ்டம், பிறகு அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலத்தில தானா இறங்கும். ஏன் வருது எண்டா, மூக்கு நிமிசத்துக்கு 8 லீற்றர் காத்த நனைச்சு சூடாக்கி உள்ள அனுப்பும், 100 லீற்றர் வாயால போகேக்க அந்த வேலைய உள்குழாய் செய்யவேணும், அதின்ட மேல்தோலில இருக்கிற ஈரம் காஞ்சு, உப்பு செறிஞ்சு, அங்க இருக்கிற செல்கள் குழப்பமடைஞ்சு ஹிஸ்டமின் மாதிரிச் சாமான்களக் கொட்டும், குழாயச் சுத்தியிருக்கிற தசை இறுகும். குளிர் நாட்டில பனிக்காத்து இதச் செய்யும். எங்களுக்குப் பனி இல்ல, ஆனா மே மாசம் தொடங்கி தென்மேற்கால நாட்டைக் கடந்து வாற கச்சான் காத்து இருக்கே, மழைய மலைநாட்டில கொட்டிப்போட்டு காஞ்சு கருகி புழுதியோட வருது, உதட்டையே வெடிக்க வைக்கும், உள்குழாயை விடுமா. ஏசி போட்ட ஜிம்மும் காஞ்ச காத்துத்தான். குளோரின் நீச்சல் தடாகத்தில வருசக்கணக்கா நீந்துற ஆக்களுக்கும் இது கூட.

இதக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் அப்பிடி ஒண்டும் பெரிய வித்தை இல்ல. ஸ்பைரோமெட்ரியில, அதாவது மூச்ச ஊதி அளக்கிற மெசினில, ஊதிப்போட்டு, 6, 8 நிமிசம் கடுமையா ஓடி, பிறகு 5 நிமிசம் 10 நிமிசம் எண்டு முப்பது நிமிசம் வரைக்கும் திரும்பத் திரும்ப ஊதிறது, முதல் செக்கனில வெளிய விடுற காத்து 10 வீதமோ அதுக்கு மேலயோ விழுந்தா பிடிபட்டுது. மருந்தும் இருக்கு: ஓட 10, 15 நிமிசத்துக்கு முதல் நீல பம்ப். ஆனா அந்த நீல பம்ப்ப மட்டும் தினமும் நம்பி இருக்கிறது இப்ப நல்லதெண்டு சொல்லுறேல்ல, அடிக்கடி தேவைப்பட்டா உள்வீக்கத்தக் குறைக்கிற ஸ்டீரொய்ட் பம்ப்புக்கு மாற வேணும். காசில்லாத ஒரு வழியும் இருக்கு, ஓட்டத்துக்கு முன்னம் சின்னச் சின்ன வேக ஓட்டமா வோம்-அப் செய்தா சில பேருக்கு அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் மட்டும் குழாய் அவ்வளவா இறுகாது.

பம்ப் அடிச்சா ஸ்போட்ஸ் சரிவராது எண்டு நினைக்கிற அப்பா அம்மாவுக்கு ஒரு கணக்கு. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணியில 597 பேரில 67 பேருக்கு இந்தப் பிரச்சின, அவை கொண்டுவந்த பதக்கம் 41. பயம் வேற பக்கத்தில இருக்க வேணும்: 1972 மியூனிக்கில ரிக் டிமொண்ட் எண்ட நீச்சல் பெடியன் 400 மீற்றரில தங்கம் வெண்டு, ஆஸ்மா மருந்தில எபெட்ரின் எண்ட தடை செய்த ஊக்கமருந்து இருந்ததால அதப் பறிகுடுத்தவன். இப்ப சல்பியூட்டமோல் பம்ப்புக்கு, அதுதான் அந்த நீல பம்ப், அனுமதி இருக்கு, 24 மணித்தியாலத்துக்கு 1600 மைக்ரோகிராம், அதிலயும் எந்த 8 மணித்தியாலத்திலயும் 600 தாண்டக் கூடாது. மாகாண மட்டம் தேசிய மட்டம் எண்டு ஓடுற பிள்ளையள் இந்த எண்ணத் தெரிஞ்சு வச்சிருங்கோ.

இப்ப என்ட கதைக்கு வாறன். ஒரு சொந்தக்காரர் மூலமா சந்திச்ச டொக்டர் ஒராள், ரிப்போட் கட்டத் திறக்கவே இல்ல. "தம்பி, முட்டேக்க கை எங்க போகும்?" எண்டார். நான் யோசிக்காம தொண்டையத் தொட்டன். "உள்ள இழுக்கேக்க கஸ்டமா, வெளிய விடேக்கயா?" அது எனக்குத் தெரியேல்ல, அந்த நேரம் ஆர் அதக் கவனிக்கிறது. அப்பதான் மச்சான் எடுத்த வீடியோ நினைவு வந்துது. 14 செக்கன். அவர் சத்தத்தக் கூட்டி காதுக்குக் கிட்ட வச்சு மூண்டு தரம் கேட்டார். ஒவ்வொரு தரமும் மூச்ச உள்ள இழுக்கேக்க "ஈஈங்" எண்டு ஒரு கீச்சுச் சத்தம், வெளிய விடேக்க ஒண்டுமில்ல. "இது லங்ஸ் இல்ல, தொண்டை" எண்டு சொன்னவர்.

குரல்வளையில குரல்நாண் இருக்கிற வாசல், கடுமையா மூச்சு இழுக்கேக்க அகலமாத் திறக்க வேணும். சில பேருக்கு நேர் எதிரா உள்பக்கமாச் சரிஞ்சு ஒடுங்கும், காத்து வேகமா போகப் போக அந்த இழுவையே மடிப்ப இன்னும் உள்ள இழுக்கும், ஈரப் பொலித்தீன் பைய வாயில வச்சு உறிஞ்சின மாதிரி. ஓட்டத்தின்ட உச்சத்தில வரும், நிப்பாட்டினா அஞ்சு நிமிசத்துக்குள்ள போயிடும், இழுக்கேக்க சத்தம், தொண்டையில இறுக்கம், பம்ப்புக்கு அசையாது. ஆஸ்மாக்கும் இதுக்கும் வித்தியாசம் இந்த அஞ்சு விசயத்தில கிடக்கு, ஆனா ரெண்டும் சேந்து இருக்கிற ஆக்களும் இருக்கினம், அதுதான் கரைச்சல். பதின்ம வயசுப் பிள்ளையளில, அதிலயும் பொம்பிளப் பிள்ளையளில கூட, டென்மார்க்கிலயும் சுவீடனிலயும் செய்த ஆய்வுகளில பதின்ம வயசாக்களிலயும் இளம் ஆக்களிலயும் 100 பேருக்கு 5, 7 பேர் எண்டு கண்டவை. நெற்போல் விளையாடுற பிள்ளை மெச்சின்ட நடுவில தொண்டையப் பிடிச்சுக்கொண்டு நிண்டா "பயம், நடிப்பு" எண்டு சொல்லுற மாஸ்டர்மார் இத ஒருக்கா வாசிக்கலாம்.

இத நிச்சயமாக் காட்டுற டெஸ்ட் நோர்வேயில பேர்கன் நகரத்தில உருவாக்கினது, மூக்கால சின்னக் கமரா விட்டு தலையில கட்டின கவசத்தில பொருத்திப்போட்டு ஆள ட்ரெட்மில்லில உச்சத்துக்கு ஓட விடுறது, குரல்வளை ஒடுங்கிறது நேரடியா ஸ்கிரீனில தெரியும். எனக்கு அந்த வசதி கிடைக்கேல்ல. ஈஎன்டி டொக்டர் முதல்ல இருத்தி வச்சுப் பாத்தார், நோர்மல். பிறகு "படியில ஏலுமட்டும் ஏறி இறங்கி ஓடிக்கொண்டு வாரும்" எண்டார், வேர்க்க விறுவிறுக்க வந்து கதிரையில விழ உடன கமரா விட்டவர், மடிப்பு உள்ள சரியிறது ஒரு நிமிசம் போலத் தெரிஞ்சுது, பிறகு விட்டிட்டுது. நேரத்துக்கு மாட்டினது அதிர்ஷ்டம்தான். மருந்து ஒண்டும் இல்ல, ஸ்பீச் தெரபிஸ்ட் ஒராள் மூச்சு எடுக்கிற முறைய மாத்தித் தந்தா: உதட்ட ஒடுக்கி இழுக்கத் தொடங்கி, நடுவில சட்டெண்டு வாயத் திறந்து மிச்சத்த இழுக்கிறது, தோளத் தூக்காம வயித்தால. ஓடிக்கொண்டு அதச் செய்யப் பழக எனக்கு ரெண்டு மாசம் போச்சு, முதல் கிழமை ஆக்கள் என்ன விசர் பிடிச்சவன் மாதிரிப் பாத்தவை.

எல்லாருக்கும் தொண்டைப் பிரச்சின இல்ல. ஒரு நாளில வராம கிழமை கிழமையாக் கூடிக்கொண்டு போறது வேற இனம். என்ட மச்சாள் 29 வயசு, நீச்சலும் ஓட்டமும், ரெண்டு மாசத்தில வழக்கமான வேகத்துக்கே மூச்சு வாங்குது, படியேறினா நெஞ்சு படபடக்குது. எச்பி (ரத்தத்தில ஒக்சிசன் காவுற ஹீமோகுளோபின்) 12.2, பொம்பிளையளுக்கு 12 க்கு மேல எண்டா ரத்தச்சோகை இல்ல எண்டு அனுப்பிட்டினம். பிறகு ஃபெரிட்டின் பாத்தா 9. உடம்பின்ட இரும்புச் சேமிப்பு கிட்டத்தட்டக் காலி, எச்பி விழ இன்னும் நேரம் எடுக்கும் அவ்வளவுதான். 15 க்குக் கீழ எண்டா உலக சுகாதார நிறுவனக் கணக்கில குறைவு, விளையாட்டுக்காரருக்கு 30 க்குக் கீழ போனாலே கனக்க டொக்டர்மார் யோசிப்பினம். மாதவிடாயில கூடப் போறது, மரக்கறிச் சாப்பாடு, அதோட எங்கட ஊர்ப் பழக்கம் ஒண்டு, சோத்துக்குப் பின்னால சுடச்சுடப் பிளேன்டீ, தேயிலை இரும்ப உடம்பில சேர விடாது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கோ. பரிசோதிக்காம இரும்புக் குளிசை வாங்கிப் போடாதைங்கோ, தலசீமியா எண்ட பரம்பரை ரத்த வருத்தத்தின்ட ஜீன் காவுற ஆக்களுக்கும் இரும்புக் குறைவு மாதிரியே சிவப்பணு சின்னனாத் தெரியும், அதுக்கு இரும்பு மருந்தில்ல. ஆம்பிளைக்கு ஃபெரிட்டின் குறைஞ்சா எங்கயோ ரத்தம் கசியுது எண்டு குடல் வயிறு தேடிப் பாக்க வேணும்.

இனி பயப்பட வேண்டிய பகுதி. எங்களோட விளையாடின அண்ணா ஒராள், 46 வயசு, மெலிஞ்ச உடம்பு, இருபது வருசப் புட்போல். உவர்மலை ஏத்தத்தில சைக்கிள் மிதிக்கேக்க ஒரே வளைவில மூச்சு முட்டும், இறங்கி நிண்டா மூண்டு நிமிசத்தில சரி. நெஞ்சு நோ இல்லவே இல்ல. இசிஜி நோர்மல். அவர் அத சைக்கிள் செயினில பழி போட்டுக்கொண்டு திரிஞ்சார். ட்ரெட்மில் இசிஜி செய்யேக்க ஏழாவது நிமிசத்தில கோடு மாறிச்சு, கொழும்பில அஞ்சியோகிராம், பெரிய குழாயில அடைப்பு. ஒரே அளவு வேலையில, ஒரே இடத்தில, ஒவ்வொரு தரமும் வந்து நிண்டா போற மூச்சு முட்டல், நெஞ்சு நோ இல்லாமலே இதயத்தின்ட குரலா இருக்கலாம், சுகர் உள்ள ஆக்களுக்கும் பொம்பிளையளுக்கும் இது இன்னும் கூட. 35 வயசுக்கு மேல எண்டா முதல்ல அடைப்புத்தான் யோசிக்கிறது. அதுக்குக் கீழ எண்டா பிறவியில வாறது: இதயத் தசை தடிக்கிற வருத்தம் 500 பேருக்கு ஒராள் எண்டு கணக்கு, அதில பெரும்பாலும் சும்மா எடுக்கிற இசிஜியிலயே மாற்றம் தெரியும், எக்கோவில (இதய ஸ்கானில) உறுதியாகும். சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த ஆக்களுக்கு இதய வால்வு ஒடுங்கி இருக்கலாம், அது வருசக்கணக்கா சத்தமில்லாமக் கிடந்திட்டு கடும் வேலையிலயோ கர்ப்ப காலத்திலயோ தலைய நீட்டும். மணிக்கூட்டில துடிப்பு 150 இல போய்க்கொண்டிருந்து சட்டெண்டு 200 க்குப் பாஞ்சு, நிப்பாட்டியும் இறங்காம நிண்டு, பிறகு சுவிச் போட்ட மாதிரி விழுந்தா அது இதயத் தாளக் குழப்பம், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சுக் காட்டுங்கோ.

ஓடேக்க மயக்கம், நெஞ்சு இறுக்கம் தாடைக்கோ கைக்கோ ஏறுறது, சளியில ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, படுத்தா மூச்சு முட்டுறது, குடும்பத்தில இளம் வயசில திடீரெண்டு செத்த ஆள், இதில ஒண்டு இருந்தாலும் திரும்ப ஓடிப் பாத்து டெஸ்ட் பண்ணாதைங்கோ. அந்த நேரம் நடக்குது எண்டா 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. கால் வீக்கத்த ஏன் சொன்னன் எண்டா ரத்தக்கட்டி, காலில உண்டாகி லங்ஸுக்குப் போறது, ஒபரேசனுக்குப் பிறகோ, கன நேரம் அசையாம பஸ்ஸில பிளேனில இருந்த பிறகோ, கர்ப்பத்தடை குளிசை எடுக்கிறவைக்கோ வரலாம். நேற்று வரைக்கும் ஓடின ஆள் இண்டைக்கு ஏலாது எண்டா வயசையும் சோம்பலையும் குற்றம் சொல்லாதைங்கோ.

வெக்கையப் பற்றி நீட்டத் தேவையில்ல, எங்களுக்குத் தெரியாததா. பின்னேரம் மூண்டரைக்கு மைதானத்தில இறங்கினா ரத்தத்தில பங்கு தோலைக் குளிர வைக்கப் போயிடும், வேர்வையில தண்ணி குறையும், அதே வேகத்துக்கு துடிப்பு ஏறிக்கொண்டே போகும், மூச்சும் கூடப் போகும். காலம்பற சரியா இருக்குது, பின்னேரம் மட்டும் முட்டுது எண்டா முதல்ல வெயில மாத்திப் பாருங்கோ.

எல்லாம் நோர்மல், எண்டாலும் முட்டுது, அப்பிடியும் ஒரு கூட்டம் இருக்கு. அவைக்கு உதவுற டெஸ்ட், முகத்தில மாஸ்க் போட்டு சைக்கிள் மிதிக்க விட்டு ஒவ்வொரு மூச்சிலயும் ஒக்சிசனும் கரியமிலவாயுவும் அளக்கிறது, எஞ்சினக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பாக்கிற மாதிரி. மூச்சில இன்னும் மிச்சம் இருக்கேக்கயே நிண்டிட்டாரா, இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்புற ஒக்சிசன் ஏறாம தட்டையாகுதா எண்டு அதில பிரிக்கலாம். சில பேருக்கு அதில தெரியிறது மூச்சு எடுக்கிற ஒழுங்கே பிழை எண்டு: தேவைக்கு மேல வேகமா, மேல் நெஞ்சால, முழுசா வெளிய விட முதல் அடுத்தது, விரல் நுனியும் உதட்டச் சுத்தியும் விறைக்கும், கொட்டாவியும் பெருமூச்சும் இடைக்கிட வரும். இத "மனசு வருத்தம்" எண்டு தட்டிக் கழிக்கிற ஆக்கள்ல எனக்குக் கோவம், மூச்சும் ஒரு அசைவுதானே, பிழையாப் பழகினத திரும்பப் பழக்கலாம், பிசியோக்கள் செய்யினம்.

கடல் பக்கத்தில இருந்துகொண்டு தண்ணிய விடேலாது. நல்லா நீந்துற, டைவிங் போற ஆள், தண்ணிக்குள்ள இருக்கேக்க திடீரெண்டு மூச்சு முட்டி, இருமி, ரோஸ் நிற நுரை துப்பினா உப்புத்தண்ணி குடிச்சதா நினைக்காதைங்கோ. தண்ணியின்ட அழுத்தம் கால் ரத்தத்த நெஞ்சுக்குத் தள்ளும், நுரையீரல் நுண்குழாயில அழுத்தம் ஏறி, அதில கடும் நீச்சலும் சேர, காத்துப் பைக்குள்ள நீர் கசியும். பிரிட்டனில பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் எண்ட இதய டொக்டர் எண்பதுகளில டைவர்மாரில இத எழுதினவர், பிறகு இஸ்ரேல் கடற்படையில பயிற்சிக்கு வந்த இளம் பெடியள், கனக்கத் தண்ணி குடிச்சிட்டு நீந்தி, ரத்தமாத் துப்பினவை. குளிர் தண்ணியிலதான் கூட வாறது, ஆனா வெதுவெதுப்பான கடலிலயும் வரும், அதால புறாமலைப் பக்கம் தண்ணி இதமா இருக்கு எண்டு ஆறுதல்பட ஏலாது. செய்யிறது ஒண்டுதான், உடன தண்ணியால வெளிய எடுத்து நிமித்தி இருத்துறது, படுக்க விடக்கூடாது, இறுக்கமான டைவிங் சூட்டக் கழட்டி ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு நாளில எக்ஸ்ரே சுத்தமாகிடும், பிறகு போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்பாயினம். ஒருக்கா வந்த ஆளுக்குத் திரும்ப வரலாம், பிரஷரும் எக்கோவும் பாக்காம தண்ணிக்கு இறங்கக் கூடாது.

போன ஞாயிறு மைதானத்தில 22 வயசுப் பெடியன் ஒருத்தன், எங்கட ரைட் விங், முதல் பாதி முழுக்க பேய் ஓட்டம் ஓடினவன், விசில் அடிச்சதும் கோல் போஸ்டில சாஞ்சு இருந்தான், நல்லாத்தான் கதைச்சுக்கொண்டிருந்தான். நான் சும்மா மணிக்கூட்டப் பாத்தன். ஆறாவது நிமிசம் இருமத் தொடங்கினான், எட்டாவது நிமிசம் வசனத்த முடிக்க ஏலாமப் போச்சு, கை நெஞ்சில, வெளிய விடேக்க மெல்லிசா விசில். மச்சான் போன எடுத்தான், இந்த முறை சிரிக்கேல்ல.